அடைத்த வீட்டில் ஒரு கடல்

அத்தியாயம் 9

போன வாரம் நான் ரோஸ்விதா பக்கமே சாய்ந்துவிட்டேன் என்று உங்களில் சிலருக்கு வருத்தம். "அந்த மனுஷனுக்குப் பரிந்து பேச ஒருத்தருமே இல்லையா?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயம்தான். இந்த வாரம் முழுக்க அவர் வீட்டிலேயே இருந்துவிடுவோம். குளிருக்குப் போட்ட கோட்டை மட்டும் கழற்றாதீர்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஹார்ட்மூட் பேன்கே, வட ஜெர்மனியில் எங்கள் கீல் நகரத்தில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பல் கதவுகளில் ஒரு பொட்டுத் தண்ணீர், ஒரு பொட்டுக் காற்று கசியாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலையாக இருந்தது. வீட்டுக் கூடத்தில், ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு அவருடைய மீன்தொட்டி நிற்கிறது. உள்ளே உப்புத் தண்ணீர், உயிருள்ள பவளங்கள், வாலை ஆட்டிக்கொண்டு நாலைந்து மீன்கள். இதை விட்டு ஒரு ராத்திரிகூட நகர மாட்டேன் என்று பல வருஷங்களாக அவர் மனைவி ரோஸ்விதாவை எங்கேயும் கூட்டிப் போனதில்லை.

தன் அறுபதாவது பிறந்தநாளுக்கு மடெய்ரா தீவுக்குப் போக ரோஸ்விதா இரண்டு டிக்கெட் வாங்கினாள். கிளம்புகிற அன்று காலையில், "பம்ப் சத்தம் சரியில்ல, நீ போயிட்டு வா" என்றார் இவர். போனாள். திரும்பியும் வந்தாள், ஆனால் வீட்டுக்கு இல்லை. ஹாம்பர்கில் இருக்கும் மகள் வீப்கே வீட்டுக்கு. அது நவம்பர். இப்போது பிப்ரவரி.

சனிக்கிழமை காலை. ஹார்ட்மூட் கூடத்து சோபாவில் கண் விழித்தார். படுக்கையறையில் இரட்டைக் கட்டில் அப்படியே கிடக்கிறது. அதில் ஒற்றை ஆளாகப் படுத்தால் தூக்கம் வருவதில்லை. பக்கத்துத் தலையணையின் பக்கம் கை போய்விடுகிறது, போனதும் விழித்துக்கொள்கிறார். அதனால் கூடத்துக்கு மாறி, கதகதப்பு வெளியே போகாமல் கதவையும் சாத்திக்கொண்டு, தொட்டிக்கு எதிரிலேயே படுத்துவிடுகிறார். பம்ப் முணுமுணுக்கும். அந்த வீட்டில் முணுமுணுக்க வேறு யார் இருக்கிறார்கள்?

கண் திறந்ததும் அவர் பார்ப்பது தொட்டியின் ஓரத்தில் ஒளிரும் சின்னத் திரையைத்தான். தண்ணீரின் பி.எச். அதில் தெரியும்.

ஏழு புள்ளி ஏழு.

"அட, போ!" என்றார் தொட்டியைப் பார்த்து.

கடல் தண்ணீர் என்றால் எட்டைத் தாண்டி நிற்க வேண்டும். எட்டு புள்ளி ஒன்று, இரண்டு என்று நின்றால் பவளத்துக்குச் சந்தோஷம். விளக்கு அணைந்த ராத்திரியில் கொஞ்சம் இறங்கும், பகலில் விளக்கு எரிந்தால் ஏறிவிடும். அது சகஜம். இப்போது பகலிலும் ஏற மறுக்கிறது. எட்டுக்குக் கீழே இறங்கி இறங்கி, தண்ணீர் அமிலப் பக்கம் சாய்ந்துகொண்டே போகிறது. தன் எலும்பைத் தானே கட்டிக்கொள்ள வேண்டிய பவளம் அந்தத் தண்ணீரில் கட்ட முடியாமல் திணறுகிறது.

தொட்டியின் நடுவில், விரல் விரலாக நீட்டி ஆடிக்கொண்டிருக்கும் பச்சைப் பவளம் ஒன்று உண்டு. கட்டைவிரல் அளவுத் துண்டாக வாங்கி வைத்தது, இன்று பூசணிக்காய் அளவு. இரண்டு வாரமாக அது விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு, வெறும் எலும்பாக உட்கார்ந்திருக்கிறது. ஓரத்தில் வெளுக்கவும் ஆரம்பித்துவிட்டது. அது போய்விட்டால் மற்றதும் ஒவ்வொன்றாகப் போகும். மனைவியைவிட முக்கியம் என்று ஊர் உலகமே சொல்லும் இந்தத் தொட்டியும் போய்விட்டால், அந்த மனுஷன் எதற்காக மனைவியை இழந்தார்? இதை நான் கேட்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டே அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார்.

எழுந்துபோய் அடுப்பில் தட்டை வைத்தார். சமையல் சோடாவைச் சூளை அடுப்பில் வைத்து நன்றாகச் சுட்டு, தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் விட்டால் பி.எச். ஏறும். ஏறத்தான் செய்கிறது, மத்தியானத்துக்குள் பழையபடி இறங்கிவிடுகிறது. இன்னும் கொஞ்சம் போடுகிறார். அதிகமாகப் போட்டால் பவளத்தின் நுனி பொசுங்கும் என்று அவருக்கே தெரியும். போடாமலும் இருக்க முடியவில்லை. காய்ச்சல்காரக் குழந்தைக்கு மாத்திரை மேல் மாத்திரை கொடுக்கும் அப்பாக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

குப்பையைக் கொட்டக் கீழே இறங்கியபோது க்ளூவர் அம்மா மாடிப்படியில் மடக்கினாள். கீழ்வீட்டுக்காரி. சனிக்கிழமை படி கழுவும் முறை யாருடையது என்பதில் கட்டடத்துக்கே காவல்காரி.

"பேன்கே சார், உங்க கூடத்து ஜன்னல் பூரா வேர்த்து ஒழுகுது. தெருவுலேருந்தே தெரியுது."

"புது ஜன்னல், க்ளூவர் அம்மா. மூணு கண்ணாடி போட்டது. காத்தே புகாது."

"அதைத்தான் சொல்றேன். உங்க வீட்டம்மா இருந்தா இப்படி விடுவாங்களா? சுவத்துல பூஞ்சை பிடிச்சா உங்களுக்கு மட்டுமா, எங்களுக்கும்தானே கேடு?"

"எங்க வீட்டு ஜன்னலை நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்கறீங்களே, நல்லா தெரியுது!" என்றபடி க்ளூவர் அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டாள். "ஆமா, அவங்க எப்ப வர்றாங்க?"

"சீக்கிரம்" என்றார் ஹார்ட்மூட். மூன்று மாதமாக எல்லோருக்கும் அதையே சொல்கிறார்.

மேலே வந்து பார்த்தால் ஏழு புள்ளி ஏழு. இன்னும் ஒரு கரண்டி போட்டார்.

வீப்கே காபி நேரத்துக்கு வந்தாள். கையில் பெரிய பெட்டி. தூக்கிய விதத்திலேயே காலிப் பெட்டி என்று தெரிந்தது.

"அப்பா, கேக்கா பண்ற?" அடுப்புக்குள் வெள்ளைப் பொடி பரப்பிய தட்டைப் பார்த்துவிட்டாள்.

"சோடா."

"சோடாவா? அம்மாவோட கேக் தட்டுலயா?"

"சும்மா கெடந்துச்சு."

"அம்மா பாத்தாங்கன்னா ஒன்ன அந்த அடுப்புக்குள்ளயே வெச்சிருப்பாங்க."

"வந்து வைக்கச் சொல்லு" என்றார். சிரிப்பாகத்தான் சொன்னார். மகள் சிரிக்கவில்லை.

கடையில் வாங்கிய பிஸ்கட்டை வைத்து இருவரும் காபி குடித்தார்கள். வீப்கேவுக்குப் பேச வேண்டியது இருந்தது, வாய் வரவில்லை. இவரோ பி.எச். பற்றிப் பேசிக்கொண்டே போனார். நவம்பரிலிருந்து இறங்குவது, தண்ணீருக்குள் கிடந்து பி.எச். அளக்கும் மானியை இரண்டு தடவை மாற்றியது, உப்பை மாற்றியது, பம்பை மாற்றியது. வீப்கே தலையாட்டிக்கொண்டே இருந்தாள். சின்ன வயதிலிருந்து பழக்கம்.

"அம்மா கொஞ்சம் துணி எடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்றாள் கடைசியில்.

"எடுத்துக்கோ. அந்தக் கம்பளி மேலங்கி இங்கதான் இருக்கு. நானே அனுப்பணும்னு நெனச்சேன். அங்கயும் குளிர்தானே."

"அது வேணும். அப்புறம்..." காபிக் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். "கோடைத் துணியும் கேட்டாங்க. பருத்தி கவுனு, செருப்பு, அந்த வெள்ளைத் தொப்பி."

பிப்ரவரியில் கோடைத் துணி. ஹார்ட்மூட்டுக்குக் கணக்கு புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் பிஸ்கட்டை அப்படியே தட்டில் வைத்துவிட்டார்.

"கோடைக்கும் வரமாட்டாளா?"

"அம்மா ஒரு வீடு பாத்திருக்காங்கப்பா. ஒருத்தருக்கான வீடு. மார்ச்லேருந்து. இன்னும் சரின்னு சொல்லல. திங்கக்கிழமை சொல்லணும்."

அவர் எழுந்துபோய்த் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டார். அழுகிற ஆண்கள் எங்கள் ஊரில் வேறு எங்கேயாவது பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவருக்குப் பார்க்க ஒரு தொட்டியாவது இருந்தது.

வீப்கே படுக்கையறைக்குப் போனாள். கட்டில் விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. திரும்பிக் கூடத்துக்கு வந்தாள். அப்போதுதான் சோபாவின் ஓரத்தில் சுருட்டி வைத்த போர்வையும் தலையணையும் அவள் கண்ணில் பட்டன.

"இங்கயா படுக்கற?"

"தொட்டியப் பாத்துக்கணும்ல."

"கதவையும் சாத்திட்டா? அப்பா, இந்த ரூம்ல மூச்சு முட்டுது! தலை வலிக்கல உனக்கு?"

"காலையில கொஞ்சம் வலிக்கும். வயசு."

"வயசாம் வயசு!" என்று ஜன்னல் பக்கம் போனவள், கண்ணாடியில் வழிந்த ஈரத்தைக் கையால் துடைத்துப் பார்த்தாள். அவ்வளவுதான், கூடத்து ஜன்னல் இரண்டையும் விரியத் திறந்துவிட்டாள். அடுக்களை ஜன்னலையும், படுக்கையறை ஜன்னலையும், நடைக் கதவையும் திறந்தாள். துறைமுகத்துக் காற்று பனியோடு உள்ளே பாய்ந்தது. மேசை மேலிருந்த காகிதத் துடைப்பான்கள் பறந்தன.

"ஏய், ஏய்! தண்ணி குளிர்ந்துடும்! மூடு!"

"ஹீட்டர் இருக்குல்ல தொட்டியில? அது வேலை செய்யட்டும்."

"தெருவுக்கா ஹீட்டர் போடறோம்?"

"இதையேதான் அம்மாகிட்டயும் சொல்வ! காலையில திறந்தா கத்துவ, சாயங்காலம் திறந்தா கத்துவ. வாடகை ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கு, வீட்டைக் காத்தாட விடணும்னு. மழையோ பனியோ, அம்மா போர்வையப் போத்திக்கிட்டு நின்னு திறந்து விடுவாங்க. நீ எத்தனை நாள் அவங்க பின்னாடியே போய் மூடியிருப்ப?"

"அவ வேணும்னே பண்ணுவா."

"மூச்சு விடறதுக்குப் பண்ணாங்கப்பா!"

 வீப்கே துணி அடுக்கப் போய்விட்டாள். ஹார்ட்மூட் கோட்டை மாட்டிக்கொண்டு, தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஜன்னலை மூட அவர் எழுந்திருக்கவில்லை. கோடைத் துணி போகிற வீட்டில் கதகதப்பு எதற்கு என்று தோன்றிவிட்டது போலிருக்கிறது.

உள்ளே அலமாரிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் எது போகிறது என்று அவரால் சொல்ல முடிந்தது. இது கம்பளி. இது கீழ்த்தட்டு, செருப்பு.

பழக்க தோஷத்தில் திரையைப் பார்த்தார். ஏழு புள்ளி எட்டு.

சோடா வேலை செய்கிறது என்று நினைத்தார். ஆனால் சோடா போட்டு வெகுநேரம் ஆகிவிட்டதே? இந்நேரம் இறங்கியல்லவா இருக்க வேண்டும்? கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். ஏழு புள்ளி ஒன்பது. மானியை எடுத்துத் துடைத்து மறுபடி போட்டார். ஏழு புள்ளி ஒன்பதுதான். விரல் விறைக்கிற குளிரில், ஒரு சொட்டு மருந்து போடாமல் தண்ணீர் தானாகத் தேறிக்கொண்டிருந்தது.

ஹார்ட்மூட் ஜன்னலைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். சோபா மேலிருந்த தலையணையைப் பார்த்தார்.

விஷயம் ஒன்றும் அவருக்குத் தெரியாதது இல்லை. கரியமில வாயு மிகுந்த காற்று தண்ணீரில் கரைந்தால் பி.எச். இறங்கும் என்று பல பேருக்கு அவரே சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்த வாயு தன் மூக்கிலிருந்து வருகிறது என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. கட்டட நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி வாங்கிய காற்றுப் புகாத ஜன்னல். சாத்திய கதவு. உள்ளே, ராத்திரி முழுக்க, மனைவி இல்லாத கட்டிலுக்குப் பயந்து சோபாவில் படுத்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் ஒரு ஆள். பவளத்தைத் திணறடித்தது அவருடைய மூச்சுதான்.

அப்படியென்றால் இத்தனை வருஷமும்?

"வீப்கே! வீப்கே, ஓடி வா!"

பதறிக்கொண்டு ஓடி வந்தாள், கையில் ஒற்றைச் செருப்போடு. "என்னப்பா? நெஞ்சு வலியா?"

"எட்டு! எட்டு வந்துடுச்சு! உங்கம்மாதான்! உங்கம்மாவுக்குப் போன் போடு, சீக்கிரம்!"

அவர் முகத்தைப் பார்த்து மகளுக்கே ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. உடனே அழைத்துக் கையில் கொடுத்தாள்.

"ரோஸி! எட்டு ஆயிடுச்சு!"

"என்னது எட்டு?" ரோஸ்விதாவின் குரல் தூக்கக் கலக்கமாக இருந்தது.

"பி.எச்.! நீ போனதுலேருந்து ஏழுலயே கெடந்துச்சு. பச்சைப் பவளம் போயே போச்சுன்னு நெனச்சேன். இப்ப வீப்கே வந்து ஜன்னலைத் திறந்தா, மளமளன்னு ஏறுது. உன்னாலதான், ரோஸி!"

"நான் என்ன பண்ணேன்? நான்தான் அங்க இல்லையே."

"அதான் சொல்றேன்! நீ தினம் ரெண்டு வேளை ஜன்னலைத் திறப்பியே. நான் கத்துவேனே. நீ திறந்ததாலதான் இத்தனை வருஷம் தொட்டி உயிரோட இருந்துச்சு. நான்தான் காப்பாத்தறேன்னு நெனச்சுட்டிருந்தேன். தப்பு என் மேலதான், ரோஸி. சுத்தமா என் தப்பு."

கல்யாணமானதிலிருந்து அந்த வாயிலிருந்து வராத வார்த்தை. வீப்கே செருப்பைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் கையே தட்டியிருப்பேன்.



"நல்லது, ஹார்ட்மூட்" என்றாள் ரோஸ்விதா. "காரணம் தெரிஞ்சுடுச்சுல்ல. இனிமே நீயே திறந்துக்கோ."

"திறப்பேன்! காலையில, மத்தியானம், சாயங்காலம்!"

"அப்ப உன் தொட்டி பொழைச்சுக்கும்."

"பொழைச்சுக்கும், ரோஸி! கண்டிப்பா பொழைச்சுக்கும்."

"சரி. அப்ப நான் எதுக்கு?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். சண்டை அவருக்குப் பழக்கம். அவள் சாதாரணமாக, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்.

"நீ... நீ இருந்தா..." ஹார்ட்மூட் திரையைப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, எண்ணைத் தவிர.

"தெரிஞ்சா கூப்பிடு" என்று ரோஸ்விதா வைத்துவிட்டாள்.

வீப்கே பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். போகும்போது அது கனத்தது. படி இறங்குமுன் அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா கேட்டது ஒண்ணும் கஷ்டமான கேள்வி இல்லப்பா."

"எனக்குக் கஷ்டம்தான்" என்றார் அவர்.

ரயிலைப் பிடிக்க அவள் போய்விட்டாள். ஹார்ட்மூட் கூடத்துக்குத் திரும்பினார். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது, தொட்டி மட்டும் நீலமாக எரிந்தது. பச்சைப் பவளம் ஒரு விரலை நீட்டியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று மெல்ல வெளியே வந்தது. "இங்க பாரேன்" என்று வாய்விட்டுச் சொல்லி, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று மாதம் இதற்குத்தானே தவித்தார்? இவ்வளவு தனியாக அவர் அந்த வீட்டில் இதுவரை இருந்ததில்லை.

போனைக் கையில் எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

"என்ன, அதுக்குள்ள தெரிஞ்சுடுச்சா?" என்றாள் ரோஸ்விதா.

"இல்ல."

"பின்ன எதுக்குக் கூப்பிட்ட?"

"தெரியல, ரோஸி. பதில் வரமாட்டேங்குது. வர்ற வரைக்கும் வெச்சுடாத."

அவள் வைக்கவில்லை.  அங்கே ஏதோ பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது.

"அடுப்புல பட்டாணி சூப் வெச்சிருக்கேன்" என்றாள் பிறகு. "அது பொங்கற வரைக்கும் இருப்பேன். அதுக்குள்ள சொல்லு."

ஹார்ட்மூட் சொல்ல ஆரம்பித்தார். சரியான பதில் அது இல்லை என்று முதல் வார்த்தையிலேயே இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. திக்கித் திணறி அவர் சொல்லிக்கொண்டே போகையில், ஹாம்பர்கில் ரோஸ்விதா கையை நீட்டி அடுப்பைக் குறைத்தாள்.